நடையை விட மெதுவாக ஒரு வண்டி

அந்தத் தெருவில் அவருக்குச் சைரன் என்று பெயர். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர் என்பதால் வந்த பெயர். மற்றபடி ஆளுக்கும் பெயருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவர் வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்று தெரிய வேண்டுமானால் வாசலில் செருப்பு கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவு சாது. கூட்டத்தில் யாராவது இவர் காலை மிதித்துவிட்டால் இவர்தான் மன்னிப்புக் கேட்பார்.

ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் வேறு ஆள். முதுகு நிமிர்ந்துவிடும், தாடை இறுகிவிடும். எந்தச் சந்து எந்த நேரத்தில் அடைத்துக்கொள்ளும், எந்த வேகத்தடை பெயின்ட் உதிர்ந்து கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் எல்லாம் அவருக்கு அத்துப்படி. எத்தனையோ பேரைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். அவர்களில் ஒருவருக்கும் அவர் முகம் தெரியாது. படுத்திருப்பவருக்கு நினைவு இருக்காது. கூட வருகிறவர்களுக்கோ அந்த நேரத்தில் ஓட்டுகிறவன் மனுஷனா பொம்மையா என்று பார்க்கத் தோன்றாது. அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அவருடைய மனைவிக்குத்தான் கொஞ்சம் இருந்தது.

மனைவி தையல்காரி. வீட்டின் முன்னறைதான் அவளுடைய கடை. நீளமான வெட்டு மேஜை, ஜன்னலோரம் மெஷின், சுவர் முழுக்கப் பாதி தைத்த கோட்டுகள். யார் வந்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தோளைப் பார்த்துவிடுவாள். "வலது தோள் ஒரு விரல் இறங்கியிருக்கு, பையை மாத்தி மாட்டுங்க," என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவாள். கணவரைப் பற்றி அவள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "ஊரையெல்லாம் பொழைக்க வைப்பாரு. வீட்டுல ஒரு பல்பு மாத்தச் சொன்னா ஒரு மாசம் ஆகும்."

அப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள் பழைய கல்குவாரி ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. பறவைகளைப் படம் எடுக்கப் போன ஒருவர் வழுக்கிப் பாறைகளுக்கு நடுவில் விழுந்துவிட்டார், இடுப்பை அசைக்க முடியவில்லை. ஆம்புலன்ஸ் குவாரி வாசல் வரைதான் போனது. அதற்கப்புறம் வீட்டளவு பாறைகள். ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு அதில் ஏறி இறங்கினால் அடிபட்டவரின் முதுகெலும்பு என்னாகும் என்று நினைத்த சைரன், தூக்கிய ஸ்ட்ரெச்சரைக் கீழே வைத்துவிட்டார். கூட வந்த நர்ஸ் அவர் முகத்தையே பார்த்தார்.

அப்போதுதான் பாறைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு வண்டி எட்டிப் பார்த்தது. வண்டி என்று அதைச் சொல்வதற்கே யோசிக்க வேண்டும். கதவு இல்லை, கூரை இல்லை, தகரம் இல்லை. வெறும் இரும்புக் குழாய்களால் ஒரு கூடு, அதன் நான்கு மூலையிலும் இடுப்புயரத்துக்கு நான்கு சக்கரங்கள். நிதானமாக ஊர்ந்து வந்தது. பாறை உயர்ந்த இடத்தில் ஒரு சக்கரம் உயர்ந்தது, பள்ளத்தில் இன்னொன்று தாழ்ந்தது, நடுவில் இருந்த கூடு மட்டும் தட்டில் வைத்த தண்ணீர் மாதிரி அலுங்காமல் இருந்தது. ஓட்டியவர் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பெயிண்டர். தோழர்களோடு விடுமுறை நாளில் பாறை ஏற வந்தவர்.

"பின்னாடி குறுக்க கட்டிடலாம் அண்ணே," என்றார் பெயிண்டர். "நீங்க தலைமாட்டுல உக்காந்து பிடிச்சுக்கங்க. நான் பாத்துக்குறேன்."

ஸ்ட்ரெச்சரைக் கட்டினார்கள். சைரன் அடிபட்டவரின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார். வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக ஓடும் வண்டியில் அவர் உட்கார்ந்ததே இல்லை. பக்கத்தில் நடந்து வந்த நர்ஸ் இரண்டு தடவை முந்திப் போய் நின்று காத்திருந்தார். ஆனால் கைக்குள் இருந்த அந்தத் தலை ஒரு தடவைகூட ஆடவில்லை. வாசலுக்கு வந்ததும் ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு சைரனைப் போட்டுப் பறந்துவிட்டார். அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார், பிறகு நடக்கவும் செய்தார். பெயிண்டருக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லாமல் வந்துவிட்டோமே என்பது மட்டும் இவருக்கு உறுத்தலாக இருந்தது.

அடுத்த வருஷம் கண் விஷயம் வந்தது. வழக்கமாகச் செய்யும் பரிசோதனையில், இடது கண்ணின் ஓரப் பார்வை அவருக்கே தெரியாமல் குறைந்துவிட்டது தெரிந்தது. உள்ளே அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றிருக்கிறது.

"மருந்து ஊத்தி, இருக்கிறதைக் காப்பாத்திடலாம். போனது போனதுதான்," என்றார் கண் டாக்டர். "ஆம்புலன்ஸ் இனிமே வேணாம். இடது பக்கத்துலேர்ந்து ஒருத்தர் குறுக்க வந்தா உங்களுக்குத் தெரியவே தெரியாது."

மருத்துவமனையில் அவரைக் கைவிடவில்லை. அழைப்புகள் வரும் அறையில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஓட்டுகிறவர்களுக்கு வழி சொல்ல வேண்டும். அவருக்கு ஊரின் ஒவ்வொரு சந்தும் தெரியும் என்பதால் அந்த வேலையை நன்றாகவே செய்தார். ஆனால் கால் சும்மா இருக்காது. மேஜைக்கு அடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை முழுக்க இப்படியே உக்காந்திருந்தா உங்களையும் ஒரு ஹேங்கர்ல மாட்டிடுவேன்," என்றாள். "எங்கயாவது போய்ட்டு வாங்க."

எங்கே போவது என்று யோசித்தபோது, நன்றி சொல்லாமல் விட்ட அந்தப் பெயிண்டர் ஞாபகத்துக்கு வந்தார். விசாரித்துக்கொண்டு பட்டறைக்கே போய்விட்டார். போய் நின்று, "அன்னிக்குச் சொல்லாம வந்துட்டேன். ரொம்ப நன்றிங்க," என்றார். அவ்வளவுதான் சொல்ல வந்தது. பெயிண்டர் அவரை விடவில்லை. உட்கார வைத்து, அந்த வண்டியின் மூடியை விலக்கி, ஒவ்வொரு குழாயாகத் தொட்டுக் காட்டினார். இது கம்பெனியில் வாங்குவதில்லை, அவரவர் வீட்டில் அவரவர் கட்டிக்கொள்வது. வேகமாகப் போனால் இதில் தோல்வி. எவன் மெதுவாகப் போகிறானோ அவனே கெட்டிக்காரன்.

"மெதுவா" என்ற வார்த்தை சைரனின் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்த முறை கண்ணைக் காட்டப் போனபோது டாக்டரிடமே கேட்டார்.

"டாக்டர், மெதுவா ஓட்டலாமா?"

"எவ்வளவு மெதுவா?"

"நடக்கிறதை விட மெதுவா. ரோடு கிடையாது, குறுக்க வர்ற ஆளும் கிடையாது. பாறைதான்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். "கீழ நின்னு ஒருத்தர் இடது பக்கத்தைப் பாத்துச் சொல்லணும். அப்படின்னா ஓட்டுங்க."

பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவி முந்திக்கொண்டாள். "நான் சொல்றேன் டாக்டர். கல்யாணம் ஆனதுலேர்ந்து சொல்லிக்கிட்டுதான் இருக்கேன். இவரு கேக்குறதுதான் இல்ல."

வெளியே வந்த பிறகுதான், தான் எதற்கு வாக்குக் கொடுத்தோம் என்று அவள் விசாரித்தாள். "பக்கி கட்டப்போறேன்," என்றார் அவர். அந்த மாதிரி வண்டிக்கு அதுதான் பெயர்.

"பக்கியா? பேரே நல்லா இருக்கு. வீட்டுல ஏற்கெனவே ஒரு பக்கி இருக்கு, என் தம்பி," என்றாள்.

தம்பி என்றால் அவளுடைய சொந்தத் தம்பி, பழைய இரும்புக் கடை வைத்திருப்பவன். வாயைத் திறந்தால் மூட மாட்டான். சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்து நிற்பான். வெல்டிங் முகமூடியைப் போட்டால் மட்டும் வாய் அடங்கும், கை பேச ஆரம்பித்துவிடும். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"மாமா! இத்தனை நாளா ஏன் சொல்லல? உடைஞ்ச ஜீப்பு ஒண்ணு மூலையில கிடக்கு. அடி ரெண்டு ஆக்சிலும் பத்தரமாத்துத் தங்கம். மேல்பாகம்தான் கருவாடு. எடுத்துக்கங்க. வேற எங்கயாவது போனீங்கன்னா நான் செத்தாலும் மூஞ்சியில முழிக்க மாட்டேன்!"

வீட்டின் பக்கவாட்டில், மதிலுக்கும் சுவருக்கும் நடுவே தகரக் கூரை போட்ட ஒரு நீண்ட இடம் இருந்தது. சைக்கிளும் பழைய மெத்தையும் கிடந்த இடம். அதைக் காலி செய்து, ஜீப்பின் இரண்டு ஆக்சிலையும் இறக்கினார்கள். அதிலிருந்த கியர்பாக்ஸ், அதற்குப் பின்னால் இன்னொரு சின்ன கியர்பாக்ஸ். இரண்டும் சேர்ந்தால் சக்கரம் கடிகார முள் மாதிரி சுற்றும். ஒரு சின்னக் காரின் என்ஜின் கிடைத்தது. ஸ்டியரிங்குக்கு, குப்பையில் போட இருந்த, கிடங்கில் மூட்டை தூக்கும் வண்டி ஒன்றிலிருந்து எண்ணெய் பம்பைக் கழற்றிக்கொண்டு வந்தான் மச்சான். கம்பி, கம்பிக்கு ஒரு மூட்டு என்று எதுவும் வேண்டாம். ஸ்டியரிங்கைத் திருப்பினால் ரப்பர் குழாய்களுக்குள் எண்ணெய் ஓடிப்போய்ச் சக்கரத்தைத் திருப்பிவிடும்.

இரும்பு அறுக்கும் கிரைண்டரைப் போட்ட முதல் நாளே பக்கத்து வீட்டுக்காரர் வந்து நின்றார். ரொட்டிக் கடை மாஸ்டர். ராத்திரி முழுக்க அடுப்பில் நின்றுவிட்டுப் பகலில் தூங்குகிறவர். கண்கள் கோவைப்பழமாக இருந்தன. சைரன் கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டு, வேலையையே நிறுத்திவிடுகிறேன் என்கிற அளவுக்கு இறங்கிப் பேசினார். மாஸ்டருக்கே பாவமாகிவிட்டது.

"நிறுத்தச் சொல்லலைங்க. சாயந்தரம் நான் எந்திரிச்சு முகம் கழுவினதும் மதில்ல ரெண்டு தட்டு தட்டுறேன். அப்புறம் நீங்க மலையையே அறுங்க," என்றார்.

அன்றிலிருந்து சாயந்தரம் மதில் தட்டும் சத்தம் கேட்டால்தான் வேலை. மச்சான் அதற்கு முன்பே வந்து, கிரைண்டரைக் கையில் வைத்துக்கொண்டு மதிலையே பார்த்து உட்கார்ந்திருப்பான்.

முதல் சிக்கல் குழாய்களில் வந்தது. ஒரு குழாய் இன்னொரு குழாயின் வயிற்றில் போய் ஒட்ட வேண்டுமானால், அதன் நுனியை மீன் வாய் மாதிரி வளைத்து வெட்ட வேண்டும். சாய்வாக ஒட்டுகிற இடத்தில் அந்த வளைவும் கோணிக்கொள்ளும். சைரனும் மச்சானும் வெட்டி வெட்டி வைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் விரல் நுழையும் அளவு இடைவெளி. வீணான துண்டுகள் மூலையில் குவிந்தன. டீ கொண்டுவந்த மனைவி ஒரு துண்டை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"இது என்ன, சட்டைக் கையைத் தோள்ல ஏத்துற மாதிரியா?"

"எப்படிக்கா?" என்றான் தம்பி.

"சட்டைக் கையும் குழாய்தான், உடம்பும் குழாய்தான். ரெண்டும் கோணலா சேருது. அதுக்குத்தானே கைக்கு மேல வளைவு வெட்டுறோம். நேரா வெட்டினா யாருக்குக் கை ஏறும்?"

உள்ளே போய்ப் பழுப்புக் காகிதத்தை எடுத்து வந்தாள். எந்தச் சாய்வு என்று கேட்டுக்கொண்டு மேஜையில் வைத்து ஒரு மேடும் பள்ளமுமான கோடு வரைந்தாள், கத்தரித்தாள், குழாயைச் சுற்றி ஒட்டினாள், ஓரத்தில் தையல் சாக்குக் கட்டியால் கோடு போட்டாள். மச்சான் கோட்டோடு வெட்டி எடுத்து வைத்தான். உட்கார்ந்தது. முடி நுழைய இடம் இல்லை.

"அக்கா, நீ மட்டும் இரும்புக் கடையில பொறந்திருந்தா..." என்று தொடங்கினான் தம்பி.

"நீ பொறந்ததே போதும். டீயைக் குடி, ஆறுது," என்றாள்.

அதற்குப் பிறகு எல்லாக் குழாய்க்கும் அவள்தான் காகிதம் வெட்டிக் கொடுத்தாள். கோட்டு வாங்க வருகிறவர்கள், மேஜையில் கிடக்கும் விசித்திரமான வடிவங்களைப் பார்த்து இது யாருடைய சட்டை என்று கேட்பார்கள். "பெரிய உடம்புக்காரர். இன்னும் பொறக்கல," என்பாள்.

கூடு எழும்பியது. கீழ்ச்சட்டம், பின்வளைவு, தலைக்கு மேல் இரண்டு நீளக் குழாய்கள், முன்னால் இரண்டு சாய்ந்த தூண்கள். பெயிண்டர் ஒரு நாள் வந்து தட்டிப் பார்த்து, "என் வண்டியை விட உறுதி அண்ணே," என்று சொல்லிவிட்டுப் போனார். சைரனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு சாயந்தரம் சீட்டைப் பொருத்தி, முதன்முதலாக உள்ளே ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தார். அப்படியே முகம் வெளிறிவிட்டது.

வலது பக்கத் தூண் சரியாக அவருடைய நல்ல கண்ணுக்கு முன்னால் நின்றது. இடது பக்கம் ஏற்கெனவே மங்கல். தலையை எப்படித் திருப்பினாலும் ஏதாவது ஒரு சக்கரம் தெரியவில்லை. இத்தனை நாள் உழைப்பும் ஒரு குருட்டுக் கூண்டாக முடிந்துவிட்டது. இறங்கி வந்து, வெளியே எடுத்துப் போட்டிருந்த பழைய மெத்தையின் மேல் உட்கார்ந்தார்.

மனைவி வந்து பார்த்தாள். "யாருக்கு அளவெடுத்தீங்க?"

"பெயிண்டர் வண்டியில எடுத்த அளவு."

"அதான். அடுத்தவர் சட்டையைத் தைச்சுப் போட்டுக்கிட்டு அக்குள் பிடிக்குதுன்னா? எந்திரிங்க. ட்ரையல் பாத்துடலாம்."

ஒரு ஸ்டூலைக் கூட்டுக்குள் வைத்து அவரை உட்காரச் சொன்னாள். நாலு சக்கரத்தின் பக்கத்திலும் போய் நின்று, "என் கை தெரியுதா? இப்போ? இப்போ?" என்று கேட்டாள். ஸ்டூலை நகர்த்தினாள். மறுபடி கேட்டாள். கடைசியில் ஸ்டூல் கூட்டின் இடது ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே உட்கார்ந்தால் இடது பக்கத்தில் பார்க்க வேண்டியது அநேகமாக ஒன்றுமே இல்லை. தலையை வெளியே நீட்டிக் குனிந்தால் இடது சக்கரம் நேர் கீழே. மற்ற எல்லாமே வலது பக்கம், நல்ல கண்ணின் பக்கம். இரண்டு தூண்களையும் வெட்டி எடுத்துவிட்டு, ஓரமாகத் தள்ளி வைத்தால் முன்பக்கமும் திறந்துவிடும்.

"ஸ்டியரிங்?" என்றார் அவர்.

"அதுல என்ன மாமா?" மச்சானுக்கு மூச்சு வந்தது. "எண்ணெய்க் குழாய்தானே? எந்தப் பக்கம் வேணும்னாலும் இழுத்துக்கிட்டுப் போகலாம். நல்லவேளை, கம்பி போடல!"

வெட்ட வேண்டிய இடங்களில் அவள் சாக்குக் கட்டியால் கோடு போட்டாள். வெட்டுகிறபோது சைரனுக்குப் பார்க்க மனம் வரவில்லை, திரும்பி நின்றுகொண்டார். ஆனால் புதிய தூண்கள் ஏறி, சீட்டு இடது ஓரத்தில் உட்கார்ந்து, அவர் அதில் சாய்ந்த அன்று, சாப்பாட்டுக்குக்கூட இறங்கவில்லை. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து யாருக்காகவோ செய்த வண்டிகளில்தான் உட்கார்ந்திருக்கிறார். இது அவருக்கென்றே, அவருடைய குறைந்த கண்ணுக்கென்றே அளவெடுத்தது. பக்கத்தில் காலியான இடத்தில் இன்னொரு சீட்டு போட்டார்கள். கேட்காமலே மனைவி அதற்கு உறை தைத்தாள்.

கிளம்புகிற நாள் காலையில் பக்கவாட்டுச் சந்திலிருந்து வண்டியைத் தள்ளி வெளியே கொண்டுவர ஆள் போதவில்லை. அப்போதுதான் வேலை முடிந்து வந்த ரொட்டிக் கடை மாஸ்டர், சட்டையில் மாவோடு, பையைக் கீழே வைத்துவிட்டுத் தோள் கொடுத்தார். "தூக்கத்தைக் கெடுத்தது எதுன்னு நானும் பாக்க வேணாமா?" என்றார். மச்சானின் இரும்பு ஏற்றும் லாரியில் ஏற்றிக் கட்டியபின், சூடான ரொட்டியில் இரண்டை அவர்கள் மடியில் வைத்துவிட்டுத்தான் தூங்கப் போனார்.

குவாரியில் பெயிண்டரும் தோழர்களும் காத்திருந்தார்கள். பெயிண்டர் மனைவிக்குக் கைச்சாடைகளைச் சொல்லிக் கொடுத்தார். இடது, வலது, வா, நில். "நீங்க முன்னாடி நின்னு காட்டுறதுதான் அவருக்குக் கண்ணு அக்கா. எந்தக் காரணத்துக்கும் வண்டிக்குக் கீழ்ப்பக்கமா மட்டும் நிக்காதீங்க."

அவள் புடைப்பான ஒரு பாறையில் ஏறி நின்றாள். சைரன் பெல்ட்டை இறுக்கினார். என்ஜின் உறுமியது. முதல் பாறை முட்டளவுதான். முன்சக்கரம் தொட்டது, நின்றது. அவ்வளவுதான், பழைய பழக்கம் காலுக்குள் இருந்து எழுந்தது. ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்துவிட்டார். நான்கு சக்கரமும் சுழன்று கல்லைச் சீவின, தூசி கிளம்பியது, வண்டி தட்டுக்கெட்டு உதறியது. மனைவி உள்ளங்கையைக் காட்டினாள். அவர் மறுபடி மிதித்தார். மறுபடி உள்ளங்கை. பிறகு அவள் கையைக் கீழே போட்டுவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள்:

"அவசரம் ஒண்ணும் இல்லீங்க. பின்னாடி யாரும் படுத்திருக்கல."

அவருக்குக் கால் தானாகத் தளர்ந்தது. திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை, வெறும் குழாயும் வானமும்தான். வேலை பார்த்த காலம் முழுக்கத் தூக்கத்தில்கூட முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த மாதிரிதான் அவர் வாழ்ந்திருந்தார். அது இப்போதுதான் அவருக்கே தெரிந்தது. கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு, இறகால் தொடுவது மாதிரி ஆக்சிலேட்டரைத் தொட்டார். சக்கரம் பாறையைக் கவ்வியது. ரப்பர் நசுங்கி, பிடித்து, ஏறியது. மனைவியின் கை 'வா, வா' என்றது. பின்சக்கரமும் ஏறியது. மச்சான் போட்ட கூச்சலில் குவாரிப் புறாக்கள் எல்லாம் எழுந்து பறந்தன.

அடுத்தடுத்த பாறைகள் நன்றாகவே போயின. தைரியம் வந்துவிட்டது. ஒரு படிக்கட்டு மாதிரியான இடத்தில் மனைவி வலது என்று காட்டினாள். அவர் இன்னும் கொஞ்சம் நேராகப் போனால் என்ன என்று நினைத்துவிட்டார். இடது பின்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கியது. வண்டி சாய்ந்தது, இன்னும் சாய்ந்தது, யானை படுப்பது மாதிரி அலுங்காமல் பக்கவாட்டில் படுத்துவிட்டது. சைரன் பெல்ட்டின் பிடியில் பாறையோடு பாறையாகப் பக்கவாட்டில் கிடந்தார். மனைவி பாறையிலிருந்து குதித்தாள். ஓடி வந்து, குழாய்களுக்கு நடுவே முகத்தை நுழைத்தாள்.

"அடிபட்டுச்சா? ஏங்க! பேசுங்க!"

"ஒண்ணும் இல்ல," என்றார் அவர், படுத்த வாக்கில். "நீ வலதுன்னு சொன்ன."

"சொன்னேன்."

"இனிமே கேட்டுக்குறேன்."

"எல்லாரும் சாட்சி!" என்று அவள் சுற்றி நின்றவர்களிடம் சொன்னாள். சொல்லும்போதே அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. அவரைப் பத்திரமாக இறக்கிவிட்டு, எல்லோரும் சேர்ந்து வண்டியை நிமிர்த்தினார்கள். மச்சான் ஒவ்வொரு வெல்டிங்காகக் கை வைத்துத் தடவிப் பார்த்தான். ஒன்றுகூட விடவில்லை. அந்தப் பெருமையில் பேச மறந்து நின்றான். அவன் பேசாமல் நின்றதை அன்றுதான் பலர் முதல் முறையாகப் பார்த்தார்கள்.

இரண்டாம் தடவை மனைவி காட்டிய வழியில் அப்படியே போனார். ஏறிவிட்டார். மேலே சமதளமான பாறையில் என்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். கீழே அவர் மனைவி சட்டையோ கோட்டோ தைக்கும்போது இருக்கும் அதே கவனமான முகத்தோடு நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மச்சான். ஒரு பாறையில் சாய்ந்து நின்று பெயிண்டர் சிகரெட்டைத் தேடிக்கொண்டிருந்தார். இவர்களில் யாராவது ஒருவர் இல்லாவிட்டால் தான் இங்கே இல்லை என்பது அவருக்கு அப்போது முழுசாக உறைத்தது. இறங்கி வந்ததும் ஒவ்வொருவர் கையையும் பிடித்து நன்றி சொன்னார். மச்சானிடம் சொன்னபோது, "என்ன மாமா இது, வேத்தாள் மாதிரி!" என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான். மனைவியிடம் வந்தபோது அவள் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

"சரி, சரி. நகருங்க," என்றாள் அவள். "நான் ஒரு தடவை ஓட்டிப் பாக்குறேன்."

யாரும் எதிர்பார்க்கவில்லை. அவள் சீட்டில் ஏறி, பெல்ட்டை மாட்டி, மிதிகளைக் காலால் ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டாள். விடிந்தால் அடைந்தால் தையல் மெஷினை மிதிக்கிற கால். ஒரு தையல் போக வேண்டுமானால் ஒரு தையல் மட்டும் போகும்படி மிதிக்கத் தெரிந்த கால். சைரன் முன்னால் போய் நின்று கைச்சாடை காட்டினார். இடது பக்கம் தெரிய வேண்டும் என்பதற்காகத் தலையை முழுசாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் காட்டினார். வண்டி ஒரு உதறல்கூட இல்லாமல், அவர் கவிழ்ந்த அதே படிக்கட்டில் ஏறிப் போனது. பெயிண்டர் தேடிக் கண்டுபிடித்த சிகரெட்டைப் பற்ற வைக்க மறந்துவிட்டார்.

இப்போது இரண்டு பேரும் மாறி மாறி ஓட்டுகிறார்கள். கண் அப்படியே இருக்கிறது, மோசமாகவில்லை. காலையும் ராத்திரியும் மருந்தை அவள்தான் ஊற்றுகிறாள். வண்டி மட்டும் இன்னும் துருத்தடுப்பு பூசிய செம்மண் நிறத்திலேயே நிற்கிறது. பெயிண்டர் தன் செலவில் அடித்துத் தருவதாகச் சொல்லிப் பல நாளாயிற்று. எந்த நிறம் என்பதில்தான் வீட்டில் ஒத்துப்போகவில்லை. அவருக்கு ஆகாய நீலம். அவளுக்கு எலுமிச்சை மஞ்சள், தூரத்திலிருந்தே தெரிய வேண்டுமாம். மச்சான் இரண்டு பேரிடமும் தனித்தனியாக, "நீங்க சொல்றதுதான் சரி," என்று சொல்லிவிட்டு, இரண்டு தடவை சாப்பிட்டுவிட்டுப் போகிறான்.